தீ எச்சரிக்கை அமைப்பு கமிஷனிங்: கேபிள் சோதனை முதல் ஒப்படைப்பு வரை

பேனலில் பச்சை விளக்கு எரிகிறது, திரையில் "நார்மல்" என்று வந்துவிட்டது, வேலை முடிந்தது. கமிஷனிங், அதாவது மாட்டி முடித்த அமைப்பைச் சோதித்து இயக்கத்துக்குக் கொண்டுவரும் வேலைக்குப் புதிதாக வருபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். "நார்மல்" என்றால் பேனலுக்குத் தெரிந்த வரைக்கும் கோளாறு இல்லை என்று மட்டும்தான் பொருள். டிடெக்டருக்குள் புகை நுழைகிறதா, மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பவருக்கு ஹூட்டர் (அலாரம் ஒலிக்கும் கருவி) கேட்கிறதா, லிஃப்ட் கீழே வந்து கதவைத் திறந்து நிற்கிறதா என்பதெல்லாம் பேனலுக்குத் தெரியாது. ஒரு ஆள் அங்கே போய் நின்று பார்த்தால்தான் தெரியும்.

அலுவலகம், வணிக வளாகம், ஹோட்டல் போன்ற கட்டடங்களில் போடப்படும் அட்ரசபிள் (ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி உள்ள) அமைப்பை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒன்றைத் தாண்டிப் போனால், பின்னால் ஒரு கோளாறு வரும்போது அது கேபிளில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா, புரோகிராமில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போகும்.

கீழே வரும் அளவுகள் பி.எஸ். 5839-1 (பிரிட்டிஷ்), என்.எஃப்.பி.ஏ. 72 (அமெரிக்க) ஆகிய தரங்களில் உள்ளவை. உங்கள் கட்டடத்துக்கு எந்தத் தரம் பொருந்தும் என்பதை அங்குள்ள சட்டமும் ஒப்பந்த ஆவணமும்தான் முடிவு செய்யும். இரண்டு தரங்களின் எண்களைக் கலந்து பயன்படுத்தாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் காகிதங்கள். கடைசியாகத் திருத்திய வரைபடம், ஒவ்வொரு கருவியின் முகவரியும் இடமும் எழுதிய பட்டியல், பேட்டரிக் கணக்கு, பேனலின் கையேடு, எது நடந்தால் எது இயங்க வேண்டும் என்று சொல்லும் "காஸ் அண்ட் எஃபெக்ட்" அட்டவணை. இந்த அட்டவணையில் வடிவமைப்பாளரின் ஒப்புதல் இல்லையென்றால் புரோகிராமைத் தொடாதீர்கள். ஒப்புதல் இல்லாத அட்டவணை சைட்டில் மூன்று நான்கு தடவை மாறும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனையை முதலிலிருந்து செய்ய நேரும்.

அடுத்து கருவிகள். மல்டிமீட்டர், 500 வோல்ட் மெகர் (கேபிளின் காப்புத் தடையை அளக்கும் கருவி), ஒலி அளவுமானி, நீளக் கழியோடு கூடிய புகை சோதனைக் கருவி, வெப்ப சோதனைக் கருவி, கால் பாயிண்ட் (தீயைக் கண்டவர் கையால் இயக்கும் அலாரப் பெட்டி) சாவிகள், இரண்டு வாக்கி டாக்கி, ஏணி, சில உதிரி டிடெக்டர்கள்.

மூன்றாவதாகக் கட்டடம் தயாராக இருக்க வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது இதில்தான். ஃபால்ஸ் சீலிங் மூடியிருக்க வேண்டும், பெயிண்ட், மரவேலை, தரை தேய்ப்பு எல்லாம் முடிந்திருக்க வேண்டும், ஏ.சி. ஓட வேண்டும், நிரந்தர மின்சாரம் வந்திருக்க வேண்டும். ஜிப்சம் தூசி பறக்கும் தளத்தில் புகை டிடெக்டரைத் திறந்து வைத்தால், தூசி உள்ளே படிந்து, ஒப்படைத்த முதல் மாதமே பொய் அலாரம் தொடங்கிவிடும். அதுவரை தூசி மூடி மேலேயே இருக்கட்டும். இன்னும் நல்லது, அடிப்பகுதியை மட்டும் மாட்டிவிட்டு டிடெக்டர் தலைகளைப் பெட்டியிலேயே வைத்திருப்பது.

2. யாருக்குச் சொல்ல வேண்டும், எதைக் கழற்றி வைக்க வேண்டும்

அலாரம் வெளியே ஒரு கண்காணிப்பு மையத்துக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ போகிறது என்றால், அவர்களிடம் சோதனை நேரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். கட்டடத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். சோதனை நடக்கும் நேரத்தில் உண்மையாகவே தீப்பிடித்தால் எப்படி அறிவிப்பது என்பதையும் அப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

சர்வர் அறையிலோ மின்னறையிலோ வாயு அணைப்பு அமைப்பு இருந்தால், சிலிண்டர் மேலுள்ள, அதைத் திறக்கும் ஆக்சுவேட்டரை அதற்குப் பொறுப்பானவரைக் கொண்டு கழற்றி வையுங்கள். பேனலில் டிசேபிள் செய்தால் (செயல்படாமல் நிறுத்தினால்) போதும் என்று நினைப்பது ஆபத்து. ஒரு புரோகிராம் பிழை போதும், சிலிண்டர் திறந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு என்றால் உள்ளே இருப்பவர் உயிரே போகும்.

என்னென்ன கழற்றினோம், எதையெல்லாம் டிசேபிள் செய்தோம் என்று ஒரே தாளில் எழுதிப் பேனல் கதவில் ஒட்டுங்கள். கடைசி நாளில் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டு வர இந்தத் தாள் வேண்டும்.

3. கேபிளைத் தனியாகச் சோதியுங்கள்

டிடெக்டர், மாட்யூல் (லிஃப்ட், விசிறி போன்றவற்றைப் பேனலோடு இணைக்கும் கருவி), ஹூட்டர், பேனல் எதுவும் இணைக்கப்படாத நிலையில் இதைச் செய்ய வேண்டும். மெகர் தருவது 500 வோல்ட், டிடெக்டருக்குள் இருப்பதோ 24 வோல்ட் அளவில் ஓடும் மின்னணுச் சுற்று. எல்லாம் மாட்டிய லூப்பில் (கருவிகளை இணைக்கும் கேபிள் வளையத்தில்) ஒரு எலக்ட்ரீஷியன் மெகர் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த லூப்பில் எது பிழைத்தது, எது பிழைக்கவில்லை என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது. பிழைத்ததாகத் தோன்றியவற்றையும் நம்ப முடியவில்லை.

கம்பிக்கும் கம்பிக்கும் இடையில், ஒவ்வொரு கம்பிக்கும் எர்த்துக்கும் இடையில், கம்பிக்கும் ஷீல்டுக்கும் (கம்பிகளைச் சுற்றிய உலோக உறைக்கும்) இடையில் அளந்து எழுதுங்கள். பி.எஸ். 5839-1 குறைந்தது 2 மெகா ஓம் கேட்கிறது. புதுக் கேபிள் இதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். 2-ஐத் தொட்டும் தொடாமலும் நின்றால், எங்கோ ஈரம் இருக்கிறது அல்லது உறை கிழிந்திருக்கிறது. ஒரு பகுதியைக் கழற்றிப் பாதி பாதியாகத் தேடுங்கள்.

அப்புறம் மல்டிமீட்டரில் லூப்பின் மொத்த மின்தடையைப் பாருங்கள். பிளஸ் கம்பி ஒரு முனையில் கிளம்பி மறு முனைக்குத் திரும்புகிறதா, மைனஸும் அப்படியே திரும்புகிறதா? இரண்டின் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அதிகமாக இருந்தால் எங்கோ ஒரு ஸ்க்ரூ சரியாக இறுகவில்லை. மொத்த அளவு கையேட்டில் சொன்ன வரம்புக்குள் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஷீல்டு பேனல் பக்கம் மட்டும் எர்த் ஆக வேண்டும். வழியில் ஒவ்வொரு பெட்டியிலும் அதைத் தொடர்ச்சியாக இணைத்து, டேப் சுற்றி, உலோகத்தில் படாமல் வைக்க வேண்டும். பின்னால் தலைவலி தரும் எர்த் ஃபால்ட்டுகளில் பெரும்பங்கு, ஏதோ ஒரு பெட்டியில் ஷீல்டு இரும்பைத் தொட்டுக்கொண்டிருப்பதால் வருவதுதான்.

ஹூட்டர் வரியிலும் வழக்கமான மண்டல வரியிலும் (முகவரி இல்லாத டிடெக்டர்களின் வரி) கருவிகளை மாட்டிய பிறகு இன்னொரு சோதனை இருக்கிறது. வரி அறுந்ததா என்று பேனல் பார்ப்பதற்காக வரியின் கடைசியில் இருக்க வேண்டிய ரெசிஸ்டர் உண்மையிலேயே கடைசிக் கருவியில்தான் இருக்கிறதா? அவசரத்தில் அதைப் பேனல் டெர்மினலிலேயே மாட்டிவிடுபவர்கள் உண்டு. பேனல் "நார்மல்" காட்டும். வெளியே முழு வரியும் அறுந்து தொங்கினாலும் "நார்மல்" என்றே காட்டிக்கொண்டிருக்கும். கடைசிக் கருவியைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். நடுவில் கிளை பிரித்து இழுத்த கம்பியும் இதே வகைதான், அந்தக் கிளை அறுந்தால் பேனலுக்குத் தெரியாது.

4. முகவரி போடுதல்

கருவியின் வகையைப் பொறுத்துச் சுழல் சுவிட்ச், டிப் சுவிட்ச், கையடக்கப் புரோகிராமர் ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டு முகவரி போடுவோம். டிப் சுவிட்ச் என்றால் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று மதிப்புகள் கூடும். 45-க்கு 32, 8, 4, 1 ஆகியவற்றை ஆன் செய்ய வேண்டும். சில தயாரிப்புகளில் ஆன், ஆஃப் தலைகீழாக இருக்கும், அதனால் முதல் கருவியை வைத்துச் சரிபார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள்.

முகவரியை ஏணி மேல் நின்றுகொண்டு போடாதீர்கள். மேசையில் வரிசையாக வைத்துப் போட்டு, கருவியின் அடியிலும் பட்டியலிலும் எழுதி, தளம் வாரியாகப் பெட்டியில் பிரித்து, பிறகு மாட்டுங்கள். ஒரே முகவரி இரண்டு கருவிகளுக்கு விழுவது ஏணி மேல்தான் நடக்கிறது. அப்படி விழுந்தால் பேனல் ஒன்று கோளாறு சொல்லும், இல்லையென்றால் இரண்டையும் ஒரே கருவியாக எண்ணிக்கொள்ளும். இரண்டாவது நடந்தால் 5-ஆம் படியில் எண்ணிக்கையை ஒப்பிடும் வரை யாருக்கும் தெரியவராது.

5. பேனலை உயிர்ப்பித்தல்

லூப், ஹூட்டர் வரி எதையும் இணைக்காமல் பேனலை மட்டும் ஆன் செய்யுங்கள். வெளியே எதுவும் இல்லாத நிலையில் அது நலமாக இருந்தால், இனி வரும் கோளாறு வெளியிலிருந்து வருவது என்று உறுதியாகச் சொல்லலாம்.

முதலில் மெயின் மின்சாரமா, பேட்டரியா என்பதற்குக் கையேட்டைப் பாருங்கள். பெரும்பாலான பேனல்களுக்கு மெயின்தான் முதலில். 24 வோல்ட் அமைப்பில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இருக்கும். சார்ஜர் வோல்டேஜ் அறை வெப்பத்தில் 27.3 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பேட்டரியில் அன்றைய தேதியை எழுதிவிடுங்கள்.

இப்போது லூப்புகளை ஒவ்வொன்றாக இணையுங்கள். ஒன்றை இணைத்து, பேனல் கண்டறிந்த கருவிகளின் எண்ணிக்கையையும் வகையையும் பட்டியலோடு ஒப்பிட்டு, சரியான பிறகு அடுத்தது. நான்கு லூப்பையும் ஒரே நேரத்தில் இணைத்துவிட்டு, திரையில் வரும் நூறு கோளாறுகளில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவர்கள் மிச்சப்படுத்த நினைத்தது அரை மணி நேரம்தான்.

6. லூப்பை வெட்டியும் ஷார்ட் செய்தும் பார்த்தல்

லூப் என்பது வளையம். ஒரு இடத்தில் அறுந்தால் இரண்டு பக்கமிருந்தும் கருவிகளோடு பேச முடியும் என்பதற்காகத்தான் வளையமாக இழுக்கிறோம். அதைச் சோதித்துப் பார்க்காவிட்டால் அவ்வளவு கேபிள் இழுத்ததற்கே பொருளில்லை.

பேனலில் லூப்பின் வெளியேறும் முனையைக் கழற்றுங்கள். ஓப்பன் சர்க்யூட் என்று கோளாறு வர வேண்டும், ஆனால் ஒரு கருவிகூடக் காணாமல் போகக் கூடாது. மாட்டிவிட்டுத் திரும்பி வரும் முனையைக் கழற்றி அதையே பாருங்கள். பிறகு நடுவில் ஓரிடத்தில் வெட்டிப் பாருங்கள்.

அடுத்து ஐசொலேட்டர்கள், அதாவது ஷார்ட் ஆன துண்டை லூப்பிலிருந்து பிரித்துவிடும் கருவிகள். இரண்டு ஐசொலேட்டர்களுக்கு நடுவில் உள்ள ஒரு பெட்டியில் பிளஸையும் மைனஸையும் ஷார்ட் செய்தால், அந்தத் துண்டில் இருக்கும் கருவிகள் மட்டும் போக வேண்டும். இதை ஒவ்வொரு துண்டிலும் செய்யுங்கள். ஐசொலேட்டரின் உள்வரும் பக்கமும் வெளியேறும் பக்கமும் மாறியிருந்தாலோ, இரண்டு தளத்துக்கு ஒன்று என்று சிக்கனம் பிடித்திருந்தாலோ இங்கே தெரிந்துவிடும். தீ முதலில் எரிப்பது கேபிளை. எரியும் கேபிள் ஷார்ட் ஆகும். அந்த நேரத்தில் மற்ற தளங்களின் ஹூட்டர் ஒலிக்குமா என்பதற்கு விடை இந்தச் சோதனையில்தான் இருக்கிறது. எவ்வளவு நேரம் ஆனாலும் முழுவதும் செய்துவிடுங்கள்.

7. புரோகிராமும் இடப்பெயரும்

புரோகிராமை ஏற்றுவது எளிய வேலை. அதில் உள்ள இடப்பெயர்கள்தான் கடினம், இதற்கு நேரம் ஒதுக்குபவர்கள் குறைவு.

வரைபடத்தில் "அறை 312" என்று இருக்கும். கட்டடத்துக்கு ஆட்கள் வந்த பிறகு கதவில் "பயிற்சிக் கூடம்" என்று பலகை மாட்டியிருப்பார்கள். நள்ளிரவில் பேனல் "அறை 312" என்று சொன்னால் காவலர் எங்கே ஓடுவார்? ஒரு கட்டடத்தில் காவலர் மூன்றாம் தளத்தை இரண்டு முறை சுற்றியும் அந்த அறையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நல்ல வேளை, அன்று வந்தது பொய் அலாரம். அந்த இடப்பெயரை வரைபடத்தைப் பார்த்து எழுதியது நான்தான். அன்றிலிருந்து பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கதவு கதவாக நடக்காமல் நான் புரோகிராம் எழுதுவதில்லை.

பெயர் எழுதும் வரிசை பெரியதிலிருந்து சிறியதுக்கு: தளம், பகுதி, அறை, பிறகு கருவி. திரையில் எழுத்துக்கு வரம்பு இருக்கும், அதனால் சுருக்கங்களை முதலிலேயே முடிவு செய்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே உள்ள டிடெக்டருக்கு "சீலிங் மேல்" என்று கட்டாயம் சேருங்கள். இல்லையென்றால் வருபவர் அறையைப் பார்த்துவிட்டு, புகை இல்லை என்று ரீசெட் செய்துவிட்டுப் போவார், புகையோ மேலே சூழ்ந்துகொண்டிருக்கும்.

8. ஒவ்வொரு கருவியையும் இயக்கிப் பார்த்தல்

பத்தில் ஒன்று போதும் என்ற கணக்கு இங்கே கிடையாது. எல்லாக் கருவியும், ஒன்று விடாமல். இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பேனலில், ஒருவர் கருவியிடம்.

நான் பின்பற்றும் ஒரு முறையைச் சொல்கிறேன். கருவியிடம் இருப்பவர் தான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லவே கூடாது. டிடெக்டரை இயக்கிவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். பேனலில் இருப்பவர் திரையில் வந்ததை வாக்கி டாக்கியில் முழுவதுமாகப் படிக்க வேண்டும். "இரண்டாம் தளம், கிழக்கு, உணவுக் கூடம், புகை" என்று கேட்டதும், தான் நிற்கும் இடத்தோடு பொருந்துகிறதா என்று கருவியிடம் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் இடத்தைச் சொல்லிவிட்டால், "ஆமாம், வந்துவிட்டது" என்ற பதில்தான் கிடைக்கும், பக்கத்து அறையின் பெயர் வந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

புகை டிடெக்டரைத் தயாரிப்பாளர் ஏற்கும் சோதனைப் புகையால் இயக்குங்கள். ஊதுபத்தி, சிகரெட் வேண்டாம், அவற்றின் எண்ணெய்ப் பிசுபிசுப்பு உள்ளே படிந்து உணர்திறனைக் கெடுக்கும். காந்தத்தைக் காட்டி அலாரம் வரவழைக்கும் வசதி சிலவற்றில் உண்டு. அது மின்சுற்றை மட்டும் சோதிக்கும், புகை உள்ளே போகும் வழி அடைத்திருந்தால் காட்டாது. தூசி மூடியைக் கழற்ற மறந்த டிடெக்டர்கூடக் காந்தத்துக்கு அலாரம் கொடுக்கும்.

வெப்ப டிடெக்டருக்குச் சோதனைக் கருவியின் சூடான காற்று போதும், தீச்சுடர் கூடாது. கால் பாயிண்டைச் சாவி போட்டு இயக்குங்கள். காற்றுக் குழாயில் உள்ள டிடெக்டருக்கு, ஏ.எச்.யு. (ஏ.சி. காற்றைக் குழாயில் தள்ளும் இயந்திரம்) ஓடும்போது உறிஞ்சு குழாய் வழியாகக் காற்று உண்மையில் போகிறதா என்று அழுத்த வேறுபாட்டை அளந்து பாருங்கள். ஸ்பிரிங்கிளர் ஃப்ளோ சுவிட்சை (குழாயில் தண்ணீர் ஓடுவதை உணரும் சுவிட்ச்) கையால் தட்டி இயக்காமல், சோதனை வால்வைத் திறந்து தண்ணீர் ஓடவிட்டுப் பாருங்கள். என்.எஃப்.பி.ஏ. 72-இன்படி தண்ணீர் ஓடத் தொடங்கி 90 வினாடிக்குள் அலாரம் வர வேண்டும்.

புகை விட்ட டிடெக்டரை உடனே ரீசெட் செய்யாதீர்கள். உள்ளே மிச்சம் இருக்கும் புகையால் மறுபடி அலாரம் வரும், நீங்கள் அடுத்த கருவியின் அலாரம் என்று எண்ணிக்கொள்வீர்கள். ஊதிக் கலைத்து, சற்றுப் பொறுத்து ரீசெட் செய்யுங்கள்.

நடக்கும்போதே இடத்தையும் பாருங்கள். ஏ.சி. காற்று வெளிவரும் இடத்துக்கு ஒரு மீட்டருக்குள் டிடெக்டர் இருக்கிறதா? வரைபடத்துக்குப் பிறகு எழுப்பிய புதுத் தடுப்புச் சுவர் ஏதாவது ஓர் அறையை டிடெக்டரே இல்லாமல் விட்டிருக்கிறதா? கமிஷனிங் செய்பவர் வடிவமைப்புக்குப் பொறுப்பில்லை என்று சிலர் சொல்வார்கள். கண்ணில் பட்டதை எழுத்தில் தெரிவிக்கும் பொறுப்பு நிச்சயமாக உண்டு.

9. ஒலியும் ஒளியும்

பி.எஸ். 5839-1 பொதுவாகக் கேட்பது 65 டெசிபல். அல்லது 30 வினாடிக்கு மேல் நீடிக்கும் பின்னணி இரைச்சலைவிட 5 டெசிபல் அதிகம், இரண்டில் எது கூடுதலோ அது. தூங்கும் அறைகளில் தலைமாட்டில் 75. என்.எஃப்.பி.ஏ. 72 பொது இடங்களில் சராசரி இரைச்சலைவிட 15 டெசிபல் அதிகம் கேட்கிறது.

புதியவர்கள் செய்யும் பிழை, காலிக் கட்டடத்தில் கதவெல்லாம் திறந்து கிடக்கும்போது ஹூட்டருக்குக் கீழே நின்று அளப்பது. கதவுகளை மூடுங்கள். ஏ.சி., ஜெனரேட்டர், பம்ப் ஓடட்டும். ஹூட்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள மூலையில் அளவுங்கள். சாதாரணக் கதவே ஏறக்குறைய 20 டெசிபலை விழுங்கிவிடும், தீத்தடுப்புக் கதவு 30 வரை விழுங்கும். தூரம் இரு மடங்கானால் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும். அதனால் நடைபாதையில் 90 காட்டும் ஹூட்டர் உள்ளறையில் 60 காட்டுவதில் வியப்பில்லை. கழிப்பறை, பிரார்த்தனை அறை, ஒலிப்பதிவு அறை, கோப்பறை, மொட்டை மாடி இயந்திர அறை ஆகியவற்றைப் பட்டியலில் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், விட்டுப்போவது இவைதான்.

காது கேளாதவர் தனியாக இருக்கக்கூடிய இடங்களில் ஒளிவிளக்கு தெரிகிறதா என்று அமர்ந்து பாருங்கள். ஒரே இடத்தில் பல விளக்குகள் தெரிந்தால் அவை ஒன்றாகச் சேர்ந்து மின்ன வேண்டும். தனித்தனியாக மின்னினால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து.

10. காஸ் அண்ட் எஃபெக்ட்

லிஃப்ட், ஏ.எச்.யு., புகை டேம்பர் (காற்றுக் குழாயை மூடும் தகடு), படிக்கட்டு அழுத்த விசிறி, காந்தக் கதவு, அனுமதி அட்டைப் பூட்டு, எரிவாயு வால்வு, ஒலிபெருக்கி என அலாரத்தோடு இணைந்த எல்லாவற்றையும் அட்டவணையின் ஒவ்வொரு கட்டமாகச் சோதிக்கும் நாள் இது. லிஃப்ட் ஆள், ஏ.சி. ஆள், கதவுப் பூட்டு ஆள் மூவரும் அன்று சைட்டில் இருந்தே ஆக வேண்டும். ஒருவர் வரவில்லை என்றால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

பேனலை வாக் டெஸ்ட் முறையில் (கருவிகளை ஒவ்வொன்றாக நடந்து சோதிப்பதற்கான நிலை) வைத்து இதைச் செய்ய முடியாது. பல பேனல்களில் அந்த முறை வெளியீடுகளைத் தடுத்துவிடும். சாதாரண இயக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் பிழை, மாட்யூலின் விளக்கு எரிந்ததும் "இயங்கியது" என்று டிக் போடுவது. ஒரு முறை எட்டு டேம்பர்களுக்கும் மாட்யூல் "கிளிக்" என்றது, பேனலில் எட்டும் வரிசையாக வந்தன. மேலே ஏறிப் பார்த்தால் இரண்டு டேம்பர்களின் தகடு அசையவே இல்லை. ஏற்றிவந்தபோது செருகிய அட்டையை யாரும் எடுக்கவில்லை. மாட்யூல் தன் வேலையைச் செய்தது, புகை போகும் வழி மட்டும் திறந்தே கிடந்தது. தகடு மூடியதைப் பாருங்கள், விசிறி நின்றதைப் பாருங்கள், கதவைத் தள்ளிப் பாருங்கள். அதற்குப் பிறகு டிக் போடுங்கள்.

லிஃப்டில் ஒரு கூடுதல் சோதனை. லிஃப்ட் வந்து நிற்க வேண்டிய தளத்திலேயே தீ என்றால் அது வேறு தளத்துக்குப் போக வேண்டும் என்று அட்டவணையில் இருந்தால், அந்தத் தள லாபியின் டிடெக்டரை இயக்கிப் பாருங்கள். இரண்டு கம்பி இடம் மாறியிருந்தால் தீ எரியும் தளத்துக்கே ஆட்களைக் கொண்டுவந்து கதவைத் திறக்கும்.

அனுமதி அட்டைப் பூட்டுகள் மின்சாரம் போனால் திறக்கும் வகையாக இருக்க வேண்டும். அலாரத்தில் ஒரு முறை, பூட்டுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தி ஒரு முறை, இரண்டையும் பாருங்கள்.

நேரத்தையும் குறியுங்கள். என்.எஃப்.பி.ஏ. 72-இன்படி டிடெக்டர் இயங்கிய 10 வினாடிக்குள் எச்சரிக்கைக் கருவிகள் இயங்க வேண்டும்.

புரோகிராமில் ஒரு வரியை மாற்றினாலும் பாதிக்கப்படும் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். அதோடு, மாற்றத்தில் தொடர்பில்லாத டிடெக்டர், கால் பாயிண்ட் போன்றவற்றிலும் 10 சதவீதத்தை, அதிகபட்சம் 50 வரை, சோதிக்கச் சொல்கிறது என்.எஃப்.பி.ஏ. 72. "சின்ன மாற்றம்தானே" என்று விட்டது வேறொரு தளத்தின் தர்க்கத்தைக் கெடுத்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும்.

11. மின்சாரம் இல்லாமல்

பேட்டரிக் கணக்கு வடிவமைப்பில் இருந்ததை நம்பாமல், இப்போது உண்மையில் ஓடும் மின்னோட்டத்தை அளந்து மறுபடி போடுங்கள். கருவிகள் வடிவமைப்புக்குப் பிறகு கூடியிருக்கும். பி.எஸ். முறையில் பொதுவாக 24 மணி நேரம் காத்திருப்பு, அதன்பின் 30 நிமிடம் அலாரம். காத்திருப்பில் 0.6 ஆம்பியர், அலாரத்தில் 2.4 ஆம்பியர் என்றால் 24 × 0.6 = 14.4, அதோடு 0.5 × 2.4 = 1.2, மொத்தம் 15.6. வயதாகும் பேட்டரிக்காக 1.25-ஆல் பெருக்கினால் 19.5 ஆம்பியர்-மணி. அலாரச் சுமை பேட்டரியின் கொள்ளளவோடு ஒப்பிடப் பெரிதாக இருந்தால் தரத்தில் உள்ள கூடுதல் காரணியையும் சேர்க்க வேண்டும். கடையில் 17-உம் 24-உம் கிடைத்தால் 24-ஐத்தான் வாங்க வேண்டும்.

பிறகு மெயினை அணைத்துவிட்டு முழுக் கட்டடத்தின் ஹூட்டரையும் பேட்டரியில் ஒலிக்கவிடுங்கள். அப்போது ஒவ்வொரு ஹூட்டர் வரியின் கடைசிக் கருவியிலும் வோல்டேஜ் அளவுங்கள். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 100 மீட்டர் தூரத்துக்குப் போய்வர ஏறக்குறைய 2.4 ஓம். 0.8 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரி இறங்கும்போது இந்த 2 வோல்ட்தான் கடைசி ஹூட்டர் ஒலிக்குமா, முனகுமா என்பதை முடிவு செய்யும்.

பேட்டரியைக் கழற்றினாலும் பேனல் கோளாறு சொல்ல வேண்டும். சில பேனல்கள் இதற்குச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும், பொறுமையாக இருங்கள்.

12. ஊறவிடும் காலம்

50-க்கு மேல் டிடெக்டர் உள்ள அமைப்பைக் குறைந்தது ஒரு வாரம் ஓடவிட்டுக் கவனிக்கச் சொல்கிறது பி.எஸ். 5839-1. இந்த வாரத்தில் அமைப்பு முழுதாக இயங்கும், ஆனால் ஆட்கள் வெளியேறுவதற்கு இன்னும் இதை நம்பக் கூடாது.

பேனலின் நிகழ்வுப் பதிவைத் தினமும் படியுங்கள். காலை ஏ.சி. ஆன் ஆகும் நேரத்தில் மட்டும் வரும் எர்த் ஃபால்ட், மழை பெய்தால் வரும் கோளாறு, சமையலறை பக்கத்து டிடெக்டரின் அலாரம், எல்லாம் இந்த வாரத்தில்தான் முகம் காட்டும். சமையலறைக்குப் பக்கத்தில் அலாரம் வருகிறது என்று உணர்திறனைக் குறைத்துவிட்டு நகராதீர்கள். வெப்ப டிடெக்டராக மாற்றலாமா, இடத்தை நகர்த்தலாமா என்று வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். கோளாறைச் சரிசெய்த பிறகு வாரத்தைப் புதிதாகத் தொடங்குங்கள்.

13. ஒப்படைப்பு

2-ஆம் படியில் பேனல் கதவில் ஒட்டிய தாளை எடுங்கள். ஒவ்வொரு வரியையும் நேரில் பார்த்து அடியுங்கள். பேனலின் டிசேபிள் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். வாயு சிலிண்டரின் ஆக்சுவேட்டரைக் கழற்றியவரே திரும்ப மாட்டிக் கையெழுத்திட வேண்டும். கண்காணிப்பு மையத்துக்குச் சோதனை முடிந்தது என்று சொல்லி, ஒரு உண்மை அலாரம் அனுப்பி, அவர்கள் திரையில் என்ன பெயர் வந்தது என்று கேட்டு எழுதுங்கள்.

பேனலுக்குப் பக்கத்தில் மாட்டும் மண்டல வரைபடம், பார்ப்பவர் நிற்கும் திசையிலேயே இருக்க வேண்டும். இடது பக்கம் உள்ள அறை படத்திலும் இடது பக்கம். தலைகீழாக மாட்டிய படத்தைப் பார்த்துவிட்டு ஓடுபவர் எதிர்த் திசையில்தான் போவார்.

கொடுக்க வேண்டியவை: திருத்திய வரைபடம், கருவிவாரியான சோதனைத் தாள், ஒலி அளவுகள், பேட்டரிக் கணக்கு, காஸ் அண்ட் எஃபெக்ட் முடிவுகள், கடவுச்சொற்கள், புரோகிராமின் நகல், பதிவேடு. புரோகிராம் நகல் உங்கள் லேப்டாப்பில் மட்டும் இருந்தால், பேனல் போர்டு பழுதாகும் அன்று அந்தக் கட்டடம் உங்களைத் தேடிக்கொண்டு நிற்கும்.

கடைசியாக, இரவுப் பணியில் இருக்கும் காவலரை அழையுங்கள். பகல் நேர மேலாளருக்குப் பயிற்சி கொடுத்தால் போதாது. ஒரு கால் பாயிண்டை நீங்கள் இயக்குங்கள், அவர் திரையைப் படித்து, அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சைலன்ஸ் செய்து, ரீசெட் செய்யட்டும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அவர் தடுமாறினால் இன்னொரு கால் பாயிண்ட். வாரம் ஒரு கால் பாயிண்ட், ஒவ்வொரு வாரமும் வேறொன்று என்று முறை வைத்துச் சோதிக்கச் சொல்லி, முதல் வாரத்தின் தேதியையும் எந்தக் கால் பாயிண்ட் என்பதையும் பதிவேட்டில் அவர் கையாலேயே எழுத வையுங்கள்.